தம்பியின் மதில் வளர்கிறது: ஜெங் நாட்டுக் கதையை 50 நிமிட நாடகமாக மேடையேற்றும் முறை

பெங்களூரில் பொங்கல் விழாவுக்கு நாடகம் போடும் தமிழ் மன்றங்களும் அடுக்ககக் குழுக்களும் பெரும்பாலும் டிசம்பரில்தான் கதை தேடத் தொடங்குகின்றன. அது தாமதம். நவம்பர் நடுவில் ஆரம்பித்தால் எட்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை கிடைக்கும். எட்டு ஞாயிறு, பத்துப் பேர், 50 நிமிடம் என்ற அளவுக்குள் அழகாக அடங்கும் கதை ஒன்று இருக்கிறது. கி.மு. 722இல், இன்றைய சீனாவின் ஹெனான் மாநிலத்தில் இருந்த ஜெங் என்ற நாட்டில், அரசுரிமைக்காகத் தம்பி அண்ணன்மேல் படை திரட்டிய கதை.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெங் நாட்டின் அரசி வூ ஜியாங்குக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பிறந்தபோது பிரசவம் கடினமாகி அவள் அரண்டுபோனாள். அதையே நினைவூட்டும்படி வூஷெங் என்று அவனுக்குப் பெயரிட்டாள், அன்று முதல் அவனை வெறுத்தாள். இளையவன் துவான்மேல் உயிரையே வைத்தாள். அவனுக்குப் பட்டம் கட்டும்படி கணவனிடம் பலமுறை கேட்டாள். அவர் சம்மதிக்கவில்லை. கி.மு. 743இல் மூத்தவன் அரியணை ஏறியதும், தம்பிக்கு ஜி என்ற கோட்டையைக் கொடு என்றாள். அது ஆபத்தான இடம், முன்பு ஒரு பிரபு அங்கேதான் இறந்தார், வேறு எதைக் கேட்டாலும் தருகிறேன் என்றான் மகன். ஜிங் நகரைக் கேட்டாள், கொடுத்தான். தம்பி அங்கே மதிலை உயர்த்தினான். பிறகு மேற்கு, வடக்கு எல்லை ஊர்களைத் தனக்கும் சேர்த்து ஊழியம் செய்ய வைத்தான். பிறகு அவற்றைத் தனதாகவே ஆக்கிக்கொண்டு லின்யென் வரை போனான். கடைசியில் தலைநகரைத் தாக்கத் தேரும் படையும் திரட்டினான். உள்ளிருந்து கதவைத் திறந்துவிடத் தாய் தயாராக இருந்தாள். அண்ணனுக்கு அந்த நாள் தெரிந்துபோயிற்று. 200 தேர்களை அனுப்பினான். ஜிங் நகரத்து மக்களே துவானுக்கு எதிராகத் திரும்பினார்கள். யென் என்ற ஊருக்கு ஓடினான், அங்கும் அண்ணனின் படை வந்தது, எல்லை தாண்டிக் கோங் என்ற இடத்துக்குத் தப்பினான்.

இதில் சண்டை கடைசியில் சில நாட்கள்தான். பட்டமேறியதற்கும் சண்டைக்கும் நடுவே 21 ஆண்டுகள். அந்த 21 ஆண்டும் அண்ணன் என்ன செய்தான் என்பதுதான் நாடகம். பொறுத்திருந்தான். அமைச்சர்கள் மூன்று முறை எச்சரித்தார்கள், மூன்று முறையும் 'இருக்கட்டும்' என்றான். அது தாய்க்காகவும் தம்பிக்காகவும் காட்டிய பொறுமையா, தம்பி தப்பு மேல் தப்பு செய்து தானே குழியில் விழட்டும் என்று விட்டுவைத்த கணக்கா? சீனத்தில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக இதை விவாதித்து வருகிறார்கள். உங்கள் மேடை இந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்தால் நாடகம் நிற்கும். போர்க்காட்சியில் பணத்தைக் கொட்டினால் நிற்காது.

மதிலில் தொடங்குங்கள்

வசனம் எழுதும் முன்பே மதிலுக்கான பெட்டிகளைத் தயார் செய்யுங்கள். இந்தக் கதையில் சட்டமீறல் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள், அதாவது மதிலின் அளவு. ஜாய் ஜோங் என்ற அமைச்சர் அரசனிடம் சொல்லும் பழைய விதி இது: நாட்டின் பெரிய நகரமே ஆனாலும் அதன் மதில் தலைநகர் மதிலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, நடுத்தர நகரம் ஐந்தில் ஒரு பங்கு, சிறியது ஒன்பதில் ஒரு பங்கு. ஜிங் அந்த அளவை மீறிவிட்டது என்பதுதான் முதல் எச்சரிக்கை.

இதை மேடையில் காட்ட 18 அட்டைப்பெட்டிகள் போதும். வீடு மாற்றும்போது வாங்கும் பெட்டிகளில் 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ளவை சரியாக இருக்கும். பார்வையாளருக்கு இடப்பக்கம் தலைநகர்: வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, மொத்தம் ஒன்பது பெட்டி. அது முதல் காட்சியிலிருந்தே நிற்கட்டும். வலப்பக்கம் ஜிங். மூன்றில் ஒரு பங்கு என்றால் சரியாக ஒரு வரிசை, மூன்று பெட்டி. நாலாவது பெட்டி மேலே ஏறிய நொடியில் விதி மீறப்பட்டுவிட்டது. அமைச்சர் விதியைச் சொல்லி முடிக்கும்போது ஜிங்கில் நான்கு பெட்டி இருக்க வேண்டும். அடுத்த எச்சரிக்கையில் ஆறு, அதற்கடுத்ததில் எட்டு, படை திரளும்போது ஒன்பது. அண்ணன் மதிலும் தம்பி மதிலும் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு என்ற விதி ஒன்பது பெட்டிக்குள் வராது. அந்த வரியை வசனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெட்டியில் செங்கல் கோடு போடாதீர்கள். அக்காலத்து மதில் இரண்டு பலகைகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காக இடித்து இறுக்கியது. நம்மூர்க் கொத்தனார்கள் தரைக்குத் திமிசு போடுவார்களே, அதே வேலைதான். ஜெங் தலைநகர் இருந்த சின்ஜெங் நகரில் அப்படிக் கட்டிய மண்மதிலின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. ஆகவே பெட்டி முழுவதும் மங்கலான மண் நிறம், அதன்மேல் 10 செ.மீ.க்கு ஒன்றாகக் கிடைமட்டக் கோடு. ஸ்பாஞ்சைத் தொட்டு ஒற்றினால் மண் பதம் வரும். பளபளக்கும் எனாமல் வேண்டாம், விளக்குபட்டால் அட்டை என்று காட்டிக்கொடுத்துவிடும். கீழ் வரிசைப் பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ மணல் பையோ பழைய புத்தகமோ வையுங்கள். அரங்கத்தில் பக்கவாட்டு மின்விசிறியைப் போட்டால் காலிப் பெட்டி நடுக்காட்சியில் சரிந்துவிடும்.

மதிலுக்கு உருவம் போல ஓசையும் வேண்டும். திரைமறைவில் திமிசு இடிக்கும் சத்தம். நாலடி உருட்டுக்கட்டையின் அடியில் 10 செ.மீ. சதுர மரத்துண்டை அறைந்துகொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் இடிக்க வேண்டும். பலகைக்குக் கீழே சாக்கை நாலாக மடித்து வைக்க மறந்தால் மேடை மொத்தமும் பறை போல அதிர்ந்து வசனத்தை விழுங்கிவிடும். மூன்றாம் காட்சியில் ஒருவர், மூன்று நொடிக்கு ஓர் இடி. நாலாம் காட்சியில் இருவர், மாற்றி மாற்றி. ஐந்தாம் காட்சியில் நால்வர். படையை அனுப்ப அரசன் 'ஆகட்டும்' என்று ஆணையிட்ட நொடியில் எல்லாம் நிற்க வேண்டும். அந்த நிசப்தம் வருவதற்காகவே முன்பு அவ்வளவு சத்தம்.

பெயர்களில் விழும் குழிகள்

எங்கே வேண்டுமானாலும் தடுமாறலாம், பெயரில் தடுமாறினால் பார்வையாளர் பத்தாவது நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிடுவார். முதல் சிக்கல் ஜெங், ஜிங். ஒன்று நாடு, மற்றது தம்பியின் நகரம். ஒலிபெருக்கியில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஒவ்வொரு முறையும் 'ஜெங் நாடு', 'ஜிங் கோட்டை' என்று சேர்த்தே சொல்ல வையுங்கள், விதிவிலக்கே வேண்டாம். ஜி கோட்டை ஒரே காட்சியில் வருகிறது. அதை 'மலைக்கோட்டை' என்றே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, வரலாற்றில் இந்த அரசனுக்கு வழங்கும் பெயர் ஜுவாங் கோங். அது இறந்தபின் சூட்டிய பட்டப்பெயர், உயிரோடு இருந்தபோது யாரும் அவரை அப்படி அழைத்திருக்க முடியாது. தம்பிக்கு வழங்கும் கோங்ஷு துவான் என்ற பெயரும் அப்படியே. அவன் கடைசியில் ஓடிப்போன ஊர் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இந்த இரண்டையும் வசனத்தில் சேர்க்காதீர்கள். அமைச்சர்கள் 'அரசே' என்கட்டும். சக்கரவர்த்தி, பேரரசர் எல்லாம் தவறு. சீனாவில் பேரரசர் என்ற பதவியே கி.மு. 221இல்தான் வந்தது. இவர் ஜோ மன்னருக்குக் கீழ்ப்பட்ட ஒரு நாட்டுத் தலைவர். அரசன் அமைச்சர்களை 'நீர்' என்றும், தாயை 'அம்மா, நீங்கள்' என்றும் பேசலாம். தாய் மட்டும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். வூஷெங் என்று அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும் தன் பிரசவ வலியைத்தான் சொல்கிறாள். இளையவனை 'என் துவான்' என்பாள். இந்த இரண்டு விளிகளே அவள் மனத்தைச் சொல்லிவிடும், தனியாக ஒரு புலம்பல் வசனம் வேண்டியதில்லை.

மூன்றாவது, இரண்டாம் மூன்றாம் எச்சரிக்கைகளைச் சொல்லும் கோங்ஸி லூ என்பவரும், தேர்ப்படையை நடத்திச் செல்லும் ஸிஃபெங் என்பவரும் ஒரே ஆள். இந்தக் கதையைச் சொல்லும் பழைய சீன மூலநூலில் ஒரே பத்தியில் இரண்டு பெயரும் வருவதால் இரண்டு நடிகர்களை ஒதுக்கிவிடும் தவறு எளிதில் நேரும். ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களும் வயதும்

அரசன், தம்பி, தாய், ஜாய் ஜோங், கோங்ஸி லூ, கடைசிக் காட்சியில் வரும் எல்லைக் காவல் அதிகாரி யிங் காவ்ஷு, அவர்களோடு நான்கு குழுவினர். மொத்தம் பத்து. பெட்டி அடுக்குவதும் திமிசு இடிப்பதும் அந்த நால்வர் வேலை. எல்லைக் குடிகளாகவும் ஜிங் மக்களாகவும் நிற்பவர்களும் அவர்களே, தந்தையின் குரலும் அவர்களில் ஒருவரே.

அரசனுக்கு ஒட்டுத்தாடி வைத்து ஐம்பது வயதாக்கிவிடுவது எல்லாக் குழுவும் செய்யும் தப்பு. பழைய வரலாற்றுக் குறிப்பின்படி மூத்தவன் பிறந்தது கி.மு. 757, இளையவன் கி.மு. 754. பட்டமேறும்போது அண்ணனுக்கு வயது 14, தம்பிக்கு 11. சண்டை நடக்கும்போது 35, 32. மலைக்கோட்டையைத் தர முடியாது என்று தாயிடம் பணிவாக மறுப்பது ஒரு 14 வயதுப் பையன். அந்தக் கோட்டை எவ்வளவு வலுவானது என்பது அவனுக்குத் தெரியும். தம்பியின் நலனுக்காக மறுப்பதுபோலச் சொல்கிறான். இந்த ஒரு பதிலை நடிகர் எப்படிச் சொல்கிறார் என்பதிலேயே முழு நாடகமும் முடிவாகிவிடும். முதல் ஞாயிறு முழுவதையும் அந்த இரண்டு பக்க வசனத்துக்கே கொடுக்கலாம்.

தாயைக் கைகேயி ஆக்கிவிடாதீர்கள். நம் பார்வையாளர் உடனே அங்கேதான் போவார், நடிகையும் போவார். கைகேயி இராமன்மேல் அன்பாக இருந்தவள், மந்தரை வந்து மனத்தைக் கலைத்தாள், பரதன் அரசை மறுத்தான். இங்கே மந்தரை இல்லை. வெறுப்பு பிறந்த நாளிலேயே தொடங்கியது. தம்பியோ மறுக்கவே இல்லை. கூந்தலை விரித்துக் கத்தும் தாய் வேண்டாம். மூத்தவன் பேசும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருக்கும் தாய் போதும்.

பெங்களூர்க் குழுக்களில் தமிழ் சரளமாகப் பேசினாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் இளைஞர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கன்னட எழுத்தில் வசனத்தைப் பெயர்த்துக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் ற, ழ, ள அங்கே குழம்பும். ஒவ்வொரு பாத்திரத்தின் வசனத்தையும் நல்ல உச்சரிப்பு உள்ள ஒருவர் பேசிப் பதிவுசெய்து குழுவில் அனுப்பிவிடுங்கள். வொயிட்ஃபீல்டிலிருந்தும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் ஆட்கள் வர வேண்டுமென்றால் ஒத்திகை ஞாயிறு காலை 7.30க்கு. பத்து மணிக்கு மேல் வைத்தால் முதல் ஒரு மணி நேரம் காத்திருப்பிலேயே போகும்.

காட்சிகளும் நிமிடங்களும்

ஏழு காட்சிகள் போதும். பிறப்பும் தந்தையின் மறுப்பும் 5 நிமிடம். தாய் கேட்பதும் ஜிங் கோட்டை கிடைப்பதும் 7. மதில் பற்றிய முதல் எச்சரிக்கை 8. எல்லை ஊர்கள், இரண்டாம் எச்சரிக்கை 6. லின்யென், மூன்றாம் எச்சரிக்கை, தாக்கும் நாள் தெரிவது, 'ஆகட்டும்' என்ற ஆணை 8. ஜிங் மக்கள் திரும்புவதும் தம்பியின் ஓட்டமும் 5. தாயின் காவல், யிங் காவ்ஷு, சுரங்கம் 11. மொத்தம் 50.

அரசனின் மூன்று பதில்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நீட்டாதீர்கள். களை பரவுமுன் பிடுங்க வேண்டும், படர்ந்த கொடியை அகற்றுவது கடினம் என்கிறார் ஜாய் ஜோங். அதற்கு அரசன்: 'தீமையைப் பலவாகச் செய்பவன் தானே வீழ்வான். பொறுத்திரும்.' ஒரு நாடு இரண்டு தலைமையைத் தாங்காது. தம்பிக்கே தருவதானால் சொல்லுங்கள், அவரிடமே வேலைக்குப் போகிறேன் என்கிறார் கோங்ஸி லூ. அதற்கு: 'வேண்டாம். தானாகவே வந்து சேரும்.' மூன்றாவதுக்கு: 'நேர்மையும் இல்லை, ஒட்டுறவும் இல்லை. பெருத்தாலும் சரிந்துவிடும்.' முதலாவதைச் சோர்வோடு சொல்லலாம், இரண்டாவதைச் சாதாரணமாக. மூன்றாவதைச் சொல்லும்போது அவர் கண் ஜிங் மதிலில் உள்ள எட்டுப் பெட்டியையும் எண்ணட்டும். மூன்றையும் ஒரே தந்திரக் குரலில் சொன்னால் அவர் வில்லன், ஒரே உருக்கத்தில் சொன்னால் அப்பாவி. இரண்டுமே கதையைக் கொன்றுவிடும்.

இளவேனில் இலையுதிர் குறிப்பேடு என்ற பழைய ஆண்டுக்குறிப்பு இந்த முழு நிகழ்வையும் ஆறே எழுத்தில் முடிக்கிறது: 'ஜெங் பிரபு யென்னில் துவானை வென்றார்.' உரையாசிரியர்கள் அந்த ஆறு எழுத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். துவானைத் 'தம்பி' என்று எழுதவில்லை, ஏனென்றால் அவன் தம்பியாக நடக்கவில்லை. 'வென்றார்' என்று இரண்டு நாட்டு அரசர்களுக்கு நடுவே நடந்த போரைப்போல எழுதியிருக்கிறது. அண்ணனை 'ஜெங் பிரபு' என்று மட்டும் சொன்னது, தம்பிக்குச் சொல்லித் திருத்தத் தவறியவர் என்று அவர்மேலும் குற்றம் சாட்டத்தான். ஆறாம் காட்சி முடிவில் குழுவினர் நால்வரும் இந்த ஒரு வரியை மட்டும், உணர்ச்சியில்லாமல், கணக்கு வாசிப்பதுபோல் சொல்லட்டும்.

200 தேரை எப்படிக் காட்டுவது? காட்ட வேண்டாம், எண்ணிக் கொடுங்கள். ஒரு தேரில் மூன்று பேர், நான்கு குதிரை. 200 புளியங்கொட்டையை ஒரு பித்தளைச் செம்பில் வைத்துக்கொண்டு, 'ஆகட்டும்' என்ற பிறகு வரும் நிசப்தத்தில், அரசன் அதை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் சாய்க்கட்டும். முதலில் ஒன்று, இரண்டு, பிறகு கைப்பிடியாக, பிறகு மொத்தமும். தாம்பாளத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு ஒலிவாங்கி. கொட்டையை முந்தைய நாள் வெயிலில் காயவைத்துவிடுங்கள். ஈரமும் நாரும் ஒட்டியிருந்தால் சத்தம் மந்தமாக விழும். சிதறியதைப் பொறுக்க ஆள் வைக்காமல் விட்டால் அடுத்த காட்சியில் வெறுங்காலோடு ஓடிவரும் தம்பி வழுக்கி விழுவான். தாம்பாளத்துக்குக் கீழே விரித்த துணியோடு சேர்த்து எடுத்துப் போவது பாதுகாப்பு.

நிகழ்ச்சி தாமதமாகி, இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்ற விதி நெருங்கினால், முதல் காட்சியைக் குழுவினர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆறாம் காட்சியை இரண்டு நிமிடமாக்கலாம். 43 நிமிடம் ஆகும். அதற்குக் கீழே குறைத்தால் மூன்று எச்சரிக்கைகளில் ஒன்றில் கை வைக்க வேண்டியிருக்கும். அதைவிட நாடகத்தை வேறொரு நாளைக்கு ஒத்திவைப்பது மேல்.

உடையும் பொருளும்

வாடகைக்கடையில் 'சைனா டிரெஸ்' என்று கேட்டால் மஞ்சள் சாட்டினில் டிராகன் போட்ட அங்கியும் பின்னல் ஒட்டிய தொப்பியும் தருவார்கள். அந்தப் பின்னல் இந்தக் கதைக்கு 2,300 ஆண்டுக்குப் பின் வந்த ஆட்சியின் அடையாளம். வாங்காதீர்கள். நம் வீட்டிலேயே பாதி உடை இருக்கிறது. அக்காலத்து ஆண்கள் கீழே பாவாடைபோல் சுற்றிக் கட்டினார்கள். சாயம் தோய்த்த நாலு முழ வேட்டி அதற்குப் பொருத்தம். மேலே அகலக் கையுள்ள, முன்பக்கம் குறுக்கே மடித்துக் கட்டும் சட்டை. ஆளுக்கு 44 அங்குல அகலத் துணி 3 மீட்டர், இடைக்கச்சைக்குத் தனியாக 2.5 மீட்டர் நீளத்தில் ஒரு பட்டை. சிக்பேட்டையில் கெட்டிக் காட்டன் வாங்கி, தைக்கும் முன் ஒருமுறை நனைத்துச் சுருக்கிவிடுங்கள்.

மடிப்பில் கவனம்: அணிபவரின் இடப்பக்கத் துணி மேலே வந்து, வலப்பக்க இடுப்பில் முடிச்சு விழ வேண்டும். மாற்றிக் கட்டுவதை அந்நாட்டார் அயலாரின் வழக்கமாகக் கருதினார்கள். கண்ணாடியைப் பார்த்துக் கட்டும்போது இது தலைகீழாகிவிடும், ஆகவே ஒருவருக்கொருவர் கட்டிவிடுங்கள். சட்டையில் சின்ன ஒலிவாங்கி மாட்டுவதானால் மேல் துணியின் வெளிப்புறத்தில், மோவாய்க்கு ஒரு சாண் கீழே. உள்ளே மாட்டினால் ஒவ்வொரு கையசைவுக்கும் சரசரப்பு கேட்கும். ஆண்களுக்குத் தலைமுடியை உச்சியில் குடுமியாக முடிந்து ஒரு ஊசி செருகுங்கள்.

நாற்காலி, அரியணை, காகிதம், தேநீர், குதிரைமேல் வீரன் எதுவும் வேண்டாம். எல்லாரும் கோரைப்பாயில் முழந்தாளிட்டுக் குதிகாலின்மேல் உட்கார வேண்டும். பழக்கமில்லாத காலுக்கு மூன்று நிமிடத்திலேயே மரத்துப்போகும். முதல் ஒத்திகையில் இரண்டு நிமிடம், வாரம் ஒரு நிமிடம் கூட்டி எட்டு வரை கொண்டுபோங்கள், கணுக்காலுக்குக் கீழே மடித்த துண்டு. டைல்ஸ் மேடையில் பாய் நழுவும், அடியில் இருபுறம் ஒட்டும் நாடா போடுங்கள். தாக்கும் நாளைத் தெரிவிக்கும் ஓலைக்கு, பால்கனியில் தொங்கும் பழைய மூங்கில் தட்டியிலிருந்து 25 செ.மீ. நீளத்தில் 20 குச்சிகள் வெட்டி, இரண்டு இடத்தில் சணலால் கோத்துச் சுருட்டிக்கொள்ளலாம்.

வணக்கம் சொல்லக் கைகூப்பாதீர்கள். மார்புக்கு நேரே ஒரு கையை மறுகை மூடியபடி, இடக்கை வெளியே இருக்க, சற்றே குனிய வேண்டும்.

தாயும் சுரங்கமும்

தம்பி ஓடியபின் அரசன் தாயை செங்யிங் என்ற ஊரில் காவலில் வைத்து, 'மஞ்சள் ஊற்றை அடையும் வரை இனி நாம் சந்திப்பதில்லை' என்று சபதம் செய்கிறான். மஞ்சள் ஊற்று என்றால் மண்ணுக்கு அடியில் இருக்கும் செத்தார் உலகம். இது நம் பார்வையாளருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் முடிவே விளங்காது. முதல் காட்சியில் தந்தை இறந்த செய்தியைச் சொல்லும்போதே, 'அவர் மஞ்சள் ஊற்றுக்குப் போனார்' என்று குழுவினர் சொல்லி வைக்கட்டும்.

அரசன் சீக்கிரமே வருந்துகிறான். எல்லைக் காவல் அதிகாரி யிங் காவ்ஷு காணிக்கையோடு வருகிறார். விருந்தில் இறைச்சியை மட்டும் ஒதுக்கி வைக்கிறார். ஏன் என்று கேட்டால், 'என் தாய் நான் தருவதையெல்லாம் உண்டிருக்கிறாள், அரசர் வீட்டுக் குழம்பை உண்டதில்லை, கொண்டுபோகிறேன்' என்கிறார். 'உமக்குக் கொடுக்கத் தாய் இருக்கிறாள். எனக்கு மட்டும் இல்லை' என்கிறான் அரசன். இந்தச் சாப்பாட்டுக் காட்சியில் அவசரம் கூடாது, முழு மூன்று நிமிடம் கொடுங்கள். கிண்ணத்தில் தினைச்சோறு: வட சீனத்தின் முதன்மைத் தானியமும் நம் குறிஞ்சித் தினையும் ஒன்றே. பெங்களூரில் சிறுதானியக் கடையில் நவணே என்று கேட்டால் கிடைக்கும், கால் கிலோ போதும். இறைச்சிக்குப் பதில் வேகவைத்த சேனைக்கிழங்குத் துண்டு ஐந்து. மிளகாய்ச் சிவப்பு கூடாது, அந்தக் காலத்தில் மிளகாய் அங்கே இல்லை. நடிகர் ஒவ்வொரு துண்டாக ஒரு மண்மூடியில் எடுத்து வைக்கட்டும். ஐந்தாவது துண்டை வைத்தபின் அரசன் கேட்கட்டும்.

'தண்ணீர் வரும்வரை மண்ணைத் தோண்டி, அந்தச் சுரங்கத்தில் சந்தித்தால் சபதம் மீறப்படாது' என்று யிங் காவ்ஷு யோசனை சொன்னதும் அரங்கில் ஒரு சிரிப்பு எழும். எழட்டும், உடனே விளக்கைக் குறையுங்கள். சுரங்கத்துக்குக் கட்டுமானம் தேவையில்லை. 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலமுள்ள மண்நிறத் துணியை நால்வரும் நாலு மூலையில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இறுகப் பிடிக்கட்டும். மதில் எழுப்பிய அதே கைகள் இப்போது மண்ணைத் தாங்குகின்றன. நாடகம் முழுவதும் நிமிர்ந்தே நடந்த அரசன் இங்கே குனிந்துதான் போக முடியும். ஓரத்திலிருந்து ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, தரையோடு.

உள்ளே போகும்போது மகன் பாடுகிறான், வெளியே வரும்போது தாய் பாடுகிறாள். மூலத்தில் இரண்டு வரியும் இரட்டித்து ஒலிக்கும் சொல்லில் முடிகின்றன. தமிழில் இரட்டைக்கிளவி இருக்கும்போது வேறென்ன வேண்டும்: 'பெருஞ்சுரங்கத்து உள்ளே இன்பம் கதகதவென', 'பெருஞ்சுரங்கத்து வெளியே இன்பம் கலகலவென'. ஆனந்தபைரவியில், பக்கவாத்தியம் இல்லாமல், சுருதி மட்டும். தாயின் காலைத் தொடும் பழக்கத்தை நடிகர் கட்டுப்படுத்த வேண்டும். முழந்தாளிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றியைக் கைமேல் வைப்பதே அவர்கள் முறை.

பெரும்பாலான குழுக்கள் இங்கே திரையை மூடிவிடும். மூடாதீர்கள். தாய் கிடைத்துவிட்டாள், தம்பி கிடைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, கி.மு. 712இல், ஷூ என்ற நாட்டைக் கைப்பற்றியபின் அந்நாட்டு அமைச்சரிடம் இதே அரசன் சொன்னது பதிவாகியிருக்கிறது: 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனோடு இணங்கி வாழ என்னால் முடியவில்லை. நாலு திக்கிலும் கஞ்சிக்கு அலைய விட்டுவிட்டேன்.' ஜிங் பக்கம் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். அரசன் அதன் அருகில் நின்று, அரங்கைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்து இதைச் சொல்லட்டும். பின்னணி இசை வேண்டாம். விளக்கு அணைய எட்டு நொடி எடுக்க வேண்டும்; விளக்குக்காரரிடம் இதைத் தனியாகச் சொல்லி, இறுதி ஒத்திகையில் இரண்டு முறை செய்து பாருங்கள், ஏனென்றால் கைதட்டல் எழும் வேகத்தில் அவர் சட்டென்று அணைத்துவிடுவார்.